அவித்த மண்

ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்ததும் அத்தான் எலுமிச்சை நாற்றங்கால் போட்டார். அக்காவைக் கட்டிய நாளிலிருந்து ஆண்டுக்கு ஒரு விடுப்பு என்று வந்துபோனவர். தென்காசியை ஒட்டிய வீட்டின் பின்புறம்தான் இடம். குற்றாலத்துக்குச் சீசனில் வருகிறவர்கள் சாலையோரம் கன்று வாங்கிப்போவதை நம்பிய தொழில். அது நடக்காவிட்டால் கோயம்புத்தூரில் ஒரு மில்லில் காவல் வேலை காத்திருந்தது. அக்கா அந்த வேலையைப் பற்றிப் பேசவே மாட்டாள். அவர் போனால் மறுபடியும் செல்போன் வழியாகத்தான் குடித்தனம்.

அத்தானுக்குச் சுத்தம் முக்கியம். களையும் நோயும் வரக்கூடாது என்று மண்ணையே அவித்தார். நெல் அவிக்கும் அண்டா வீட்டில் இருந்தது. அடியில் தண்ணீர், மேலே சாக்கில் மண், வாயை மூடித் தீ. ஆறிய மண்ணைப் பைகளில் நிரப்பி, விதை ஊன்றி, அணிவகுப்பு போல அடுக்கினார். கடைசி வரிசையை மட்டும் அக்காவிடம் விட்டார். விதை ஊன்றிய மறுநாள் நான் போய்ப் பார்த்தபோது ஒரு பையில்கூடப் புல் இல்லை. எங்கள் பத்திரிகையின் வேளாண் பக்கத்துக்கு ஆகும் என்று படமும் எடுத்துக்கொண்டேன்.

விதை முளைத்தது, நாலு இலை விட்டது, அதோடு நின்றது. உரம் கரைத்து ஊற்றினார். இலை வெளுத்தேதான் இருந்தது. சாரல் தொடங்கிய பிறகும் கன்றுகள் விரல் உயரம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது அவர் பைகளைக் கவிழ்க்க ஆரம்பித்தார். "எல்லாத்தையும் கொட்டிருதேன். மில்லுக்காரன் ஒண்ணாந்தேதி வரச் சொல்லுதான்."

அக்கா சுவரோரத்தைக் காட்டினாள். "அந்தக் கடைசி வரிசையப் பாத்தியளா?"

அங்கே கன்றுகள் முழங்கால் உயரம். இலை கரும்பச்சை. பைகளில் கோரைப்புல்லும் முளைத்திருந்தது.

"அது சுவத்து நிழல்ட்டி."

"நிழலுமில்ல, ஒண்ணுமில்ல. அந்த வரிசைக்கு நான் மண்ண அவிக்கல. விறகு தீந்துட்டு. கொல்லையில வெட்டுன மண்ண அப்படியே அள்ளிப் போட்டேன்."

"எங்கிட்டச் சொல்லவே இல்லியே?"

"சொன்னா கோர்ட் மார்ஷல் பண்ணுவிய. நெல்ல அவிச்சா சோறாவது திங்கலாம். மண்ண அவிச்சு என்னத்தக் கண்டிய?"

அத்தான் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். "மாப்ள, யார்ட்டயாவது கேட்டுச் சொல்லும்."

வகைக்கு ஒரு கன்றாக எடுத்துக்கொண்டு, எனக்குப் பழக்கமான வேளாண் ஆராய்ச்சியாளரிடம் போனோம். அந்த அம்மா வேரில் கொஞ்சம் நறுக்கிக் கழுவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் காட்டினார். சுவரோரக் கன்றின் வேருக்குள் நீல இழைகள் ஓடின. மற்றதில் எதுவும் இல்லை. அந்த இழைகள் ஒரு பூஞ்சை. வேரைவிட மிக மெல்லியவை என்பதால் வேர் நுழைய முடியாத மண் இடுக்குகளுக்குப் போய் மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, எடுத்து வந்து செடிக்குத் தரும். இலையில் உண்டாகும் சர்க்கரையில் ஒரு பங்கைக் கூலியாக வாங்கிக்கொள்ளும். எலுமிச்சை வேரில் மயிர்கள் குறைவு. அதனால் அதற்கு இந்தத் துணை கூடுதலாக வேண்டும்.

"அவிச்சதுல நோய்க்கிருமியும் செத்திருக்கும், இதுவும் செத்திருக்கும்," என்றார். சுவரோரக் கன்றில் நோய் இல்லை என்று பார்த்துவிட்டு, அதன் வேர்மண்ணையே மற்றப் பைகளில் கொஞ்சம் கொஞ்சம் கலக்கச் சொன்னார்.

பல ஆண்டுகள் வேளாண் செய்திகளைத் திருத்தியவன் நான். பூஞ்சை என்ற சொல் என் மேசைக்கு வந்ததெல்லாம் நோயோடும் மருந்தோடும்தான். கெடுக்கும் பூஞ்சை செய்தியாயிற்று. சோறு போடும் பூஞ்சைக்கு ஒரு வரிகூட இல்லை. ஒழுங்காக நடப்பது எதுவும் செய்தி அல்ல என்பது எங்கள் தொழிலின் வழக்கம். அதில் எவ்வளவு விட்டுப்போகிறது என்று திரும்பும் பேருந்தில் யோசித்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் அத்தான் இரண்டு கன்றுகளையும் மடியில் வைத்திருந்தார்.

மில்லில் அவகாசம் கேட்டார். வேர்மண்ணை ஒவ்வொரு பையிலும் குழி போட்டு வைத்தார். கன்றுகள் அவசரப்படவில்லை. அந்தச் சீசனுக்குச் சுவரோர வரிசையைத் தவிர விற்க எதுவும் தேறவில்லை.

ஆவணியில் நான் அங்கே இருந்தபோது மில்லிலிருந்து மறுபடியும் போன் வந்தது. அதற்குள் பெரும்பாலான பைகளில் புதுத்தளிர் வந்திருந்தது. அவியாத மண்ணோடு களையும் வந்திருந்தது. குத்தவைத்து அதைப் பிடுங்கிக்கொண்டிருந்த அத்தான், போனைத் தோளில் இடுக்கிக்கொண்டார்.

"இல்ல சார், வர முடியாது. இங்கன களை பிடுங்க ஆளில்ல."

எதிர் வரிசையில் இருந்த அக்கா நிமிரவில்லை. "பேசிக்கிட்டே கன்னுகளப் பிடுங்கிராதிய," என்றாள்.