நங்கூரக் கயிற்றில் சிவப்பு நூல்

எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னிக்க வேண்டும். நான் பத்தாவது வரை படித்தவன். நாலு பேர் எதிரில் என் பெயரைச் சொல்வதற்கே எனக்கு வியர்க்கும். எங்கள் சர்வே டீமுக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும், நங்கூரக் கயிற்றில் ஏன் இரண்டு நிறத்தில் நூல் கட்டியிருக்கிறது என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் எங்கள் போட்காரர் தேசப்பன் ஒவ்வொரு கதை சொல்கிறார். கடைசிக் கதையில் நான் மரத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டேன். உண்மையை நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்று மேடம் சொன்னார். வாயால் சொல்வதைவிட இது பரவாயில்லை.

1. தறியிலிருந்து தண்ணீருக்கு

ஏரிகளில் எவ்வளவு வண்டல் சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பது எங்கள் வேலை. குறித்த இடத்தில் போட்டை நிறுத்தி, நீளமான குழாயை இறக்கி, அடிச்சேற்றை எடுக்க வேண்டும். மேடம்தான் இன்ஜினியர். போட் ஓட்டுகிறவர் தேசப்பன், பழவேற்காட்டுப் பக்கம். முன்னால் உட்கார்ந்து நங்கூரம் போடுவது நான்.

அதற்கு முன் ஆர்.கே.பேட்டையில் இருபது வருஷம் தறி ஓட்டினேன். ஷெட்டை மூடிவிட்டார்கள். மேடம் பதினைந்து நாள் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றுதான் என்னைச் சேர்த்தார். எனக்கு அந்த வேலை கட்டாயம் வேண்டும். வேலை கிடைத்துவிட்டது என்று வீட்டில் அதற்குள் எல்லாரிடமும் சொல்லிவிட்டார்கள்.

தேசப்பன் என்னைவிட இளையவர். முதல் நாளே என்னை 'பாவா', அதாவது அக்கா புருஷன் முறையில், கூப்பிட ஆரம்பித்தார். எங்கள் பக்கத்தில் ஒருவரை பாவா என்று கூப்பிட்டுவிட்டால், பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் கிண்டல் செய்யலாம்.

"தறியில குந்திகினு இருந்த காலு, பாவாவுக்கு. போட்ல ஏறினதும் மிதிக்கிறதுக்குக் கட்டை தேடறாரு பாரு," என்றார். உண்மையில் என் கால் அப்படித்தான் தேடிக்கொண்டிருந்தது.

2. ஐம்பது மீட்டர்

கயிறு ஐம்பது மீட்டர் நைலான். தண்ணீர் எவ்வளவு ஆழமோ அதைப்போல நாலு மடங்கு கயிறு விடவேண்டும். அப்போதுதான் கயிறு சாய்வாகப் போய் நங்கூரம் சேற்றில் கொத்தி நிற்கும். ரொம்ப விட்டால் போட் பின்னால் போய்விடும். அதனால் ஐந்து மீட்டருக்கு ஒருமுறை அடையாளம் வேண்டும். "நூல் கட்டறது உங்க வேலைதானே," என்று மேடம் என்னிடம் கொடுத்தார்.

அதில் எனக்குப் பெருமை. கரையில் டேப்பை விரித்து அளந்தேன். கயிற்றின் புரியை விலக்கிச் சிவப்பு நூலைக் கோத்து, அவிழாத முடிச்சாகப் போட்டேன். ஐந்துக்கு ஒரு கட்டு, பத்துக்கு இரண்டு, பதினைந்துக்கு மூன்று. தேசப்பன்கூட இழுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் ஐந்து மீட்டர் ஆழத்தில் நின்றோம். "இருபது விடுங்க," என்றார் மேடம். நாலு கட்டு கைக்கு வரும்வரை விட்டு, நான் உட்காரும் பலகையில் கயிற்றைக் கட்டினேன். காற்று தள்ளியதில் போட் பின்னால் போயிற்று. போய்க்கொண்டே இருந்தது. ஏரிக்குள் அந்தக் காலத்தில் நட்ட கருவேல மரங்கள் பாதி முழுகி நிற்கும். அதற்குள் போய்ச் செருகிக்கொண்டு நின்றது. மேடத்தின் குடை மேலே ஒரு கிளையில் மாட்டிக்கொண்டது. தேசப்பன் சட்டையில் நாலு முள்.

"இன்னா பாவா, நங்கூரம் போடச் சொன்னா ஆட்டுக்குத் தழை ஒடிக்க இட்டாந்துட்டீங்க?"

மேடம் சிரிக்கவில்லை. நங்கூரம் பிடிக்காமல் இழுத்துக்கொண்டு வந்துவிட்டது என்று நினைத்தார். அந்த நங்கூரம் தேசப்பன் ஊரிலிருந்து கொண்டுவந்தது. இப்படிப்பட்ட சாமானை எடுத்து வந்தால் சாமானோடு ஆளையும் ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்று கோபமாகச் சொன்னார். தேசப்பன் தலை குனிந்து முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

எனக்குக் காரணம் அதற்குள் தெரிந்துவிட்டது. கயிறு விறைத்து நின்ற பிறகு, பக்கவாட்டுக் கரையில் ஒற்றைப் பனைமரத்துக்கு நேர் பின்னால் திருத்தணி மலை தெரிந்தது. கொஞ்சம்கூட விலகவில்லை. நங்கூரம் இழுபட்டால் போட் காற்றுக்கு நகர்ந்து, பனையும் மலையும் விலகிக்கொண்டே போகும். அப்படியானால் நங்கூரம் நன்றாகவே பிடித்திருக்கிறது. தப்பு கயிற்றில். நான் எண்ணிக்கையை போட் பக்கத்து நுனியிலிருந்து ஆரம்பித்திருந்தேன். என் கையில் நாலு கட்டு என்றால் இருபது மீட்டர் மிச்சம், முப்பது மீட்டர் தண்ணீரில்.

தறியில் அதுதான் பழக்கம். நீளவாக்கில் ஓடும் பாவு நூல் எவ்வளவு ஓடியது என்று பார்க்கமாட்டோம், எவ்வளவு மிச்சம் என்றுதான் பார்ப்போம். அதனால் கயிறு விடும்போது ஒன்பது, எட்டு, ஏழு என்று கட்டுகள் தலைகீழாக வந்தது எனக்கு வித்தியாசமாகவே படவில்லை.

சொன்னால் பதினைந்து நாள் இன்றோடு முடியும் என்று தோன்றியது. குடையை எடுத்துக் கொடுக்கும் சாக்கில் மேடம் பக்கம் திரும்பினேன்.

"மேடம், நங்கூரம் எடத்த விட்டு நகரலைங்க. கயிறுதான் பத்து மீட்டர் ஜாஸ்தி போய்ட்டிருக்குது. எண்ணிக்கைய இந்தப் பக்கத்துலேர்ந்து போட்டுட்டேங்க."

தேசப்பன் சட்டையிலிருந்த கடைசி முள்ளைப் பிடுங்கித் தண்ணீரில் போட்டார். பிறகு சொன்னார்: "போவட்டும் மேடம். பாவா ஏரியப் பொடவைன்னு நெனச்சிகினாரு. முந்தானைலேர்ந்து அளந்துட்டாரு."

மேடம் குடையை மடக்கினார். "கரைக்குப் போய் மாத்துங்க," என்றார். அவ்வளவுதான். அது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று எனக்குத் தெரியவில்லை.

3. ஒற்றைச் சிவப்பு

சிவப்பு முடிச்சுகள் அவிழவில்லை. கத்தி வைத்தால் புரி அறுந்துவிடும் என்று தேசப்பன் தடுத்தார். அதனால் நங்கூரப் பக்கத்திலிருந்து புதிதாக நீல நூல் கட்டினேன். அதற்காகக் கயிற்றின் நுனியை போட்டின் முன்பக்கத்து இரும்பு வளையத்திலிருந்து அவிழ்த்து, முழுதாகக் கரையில் விரித்தேன். திரும்ப அதை போட்டில் சுருட்டி வைத்தேன். நுனியை வளையத்தில் கட்ட மறந்துவிட்டேன்.

மத்தியானம் மதகுப் பக்கம் நின்றோம். நீலத்தை எண்ணிச் சரியாக விட்டேன். திடீரென்று காற்று பலமாக வந்தது. இந்தத் தடவை நங்கூரம் நிஜமாகவே இழுபட ஆரம்பித்தது. இன்னும் கயிறு விட்டால்தான் அது திரும்பக் கொத்தும். பின்னால் மதகின் கருங்கல். தேசப்பன் இன்ஜினைக் கிளப்பப் பார்த்துக்கொண்டே கத்தினார்: "வுடு பாவா. இன்னும் வுடு."

விட்டேன். ஈரக் கயிறு ஓடும் வேகத்தில் ஏழு கட்டா எட்டு கட்டா என்று எண்ண முடியவில்லை. அப்போது கையில் ஒற்றைச் சிவப்பு ஓடி வந்தது. இருபது வருஷப் பழக்கம், மூளைக்கு முன்னால் கை சொல்லிவிட்டது: பாவு தீர்ந்தது. திரும்பிப் பார்த்தால் கயிற்றின் நுனி கால் பக்கத்தில் சும்மா கிடக்கிறது.

கயிற்றின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தபடியே நுனியை எடுத்து என் பலகையைச் சுற்றி இரண்டு சுற்று இழுத்து முடிச்சுப் போட்டேன். போட் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. கல்லுக்கு இரண்டு ஆள் தூரம்.

கட்ட மறந்ததையும் உடனே சொல்லிவிட்டேன். ஒரே நாளில் இரண்டாவது தடவை என்பதால் பழகிவிட்டிருந்தது. மேடம் கயிற்றைக் கையில் எடுத்து, ஒரே இடத்தில் இருந்த ஒன்பது நீலத்தையும் ஒற்றைச் சிவப்பையும் ரொம்ப நேரம் பார்த்தார்.

"இந்தச் சிவப்பு இருக்கட்டும்," என்றார்.

"ஆங், இருக்கட்டும்," என்றார் தேசப்பன். "ஆனா மேடம், கயிறு நின்னது நூலால இல்ல. பாவா குந்தின வெயிட்டு."

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். நீலம் எவ்வளவு போயிற்று என்று சொல்லும். சிவப்பு எவ்வளவு மிச்சம் என்று சொல்லும். போட்டில் ஏறியதும் முதலில் நுனி வளையத்தில் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். தப்பு செய்தால் குடை மரத்தில் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

பதினைந்து நாள் ஆகும் முன்பே, மறுநாள் மேடம் ஐ.டி. கார்டுக்கு இரண்டு போட்டோ கேட்டார். என்னிடம் ஒன்றுதான் இருந்தது. அதைக் கொடுத்தேன்.