குத்தூஸ் பாய் ஒட்டும் முகம்

சுவரொட்டிக்குப் பசை கொதிக்கிற நேரத்தில் அப்துல் குத்தூஸ் யாருக்கும் பதில் சொல்லமாட்டார். மைதாவை விடாமல் கிண்ட வேண்டும். முகத்தைத் திருப்பினால் அடிபிடித்துவிடும். கட்டி தட்டாமல் வந்ததும் ஒரு சிட்டிகை மயில்துத்தத்தைப் பொடித்துப் போடுவார். அது சேராவிட்டால் ராமநாதபுரத்து ஆடுகள் பொழுது விடிவதற்குள் அரசாங்கத்தின் கொள்கையைச் சுவரோடு நக்கித் தீர்த்துவிடும். "மொத வருசம் தெரியாம வெறும் பசையில ஒட்டிட்டேன் தம்பி. கடலாடியில ஒரு தெரு பூராவும் ஆடே தின்னுருச்சு" என்கிறார். அந்தத் தெருவுக்கு இழப்பு என்று நான் நினைக்கவில்லை. அதை அவரிடம் சொல்லவும் இல்லை.

ஐம்பத்து நாலு வயது. ஒல்லி. நரைத்த குச்சித் தாடி. இலாகா கொடுத்த காக்கிச் சட்டையில், காது வடிவத்தில் ஒரு பித்தளை வில்லை. சைக்கிளின் முன்னால் அறிவிப்புச் சொல்லும் தகரக் குழாய், பின்னால் சுவரொட்டிக் கட்டு, கைப்பிடியில் பசை வாளி. இவ்வளவையும் ஏற்றிக்கொண்டு மாரியூர் மணலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவரைப் பார்த்தால் யாருக்கும் ஒரு கை கொடுக்கத் தோன்றும். கொடுத்தால் கோபித்துக்கொள்வார். அவருடைய பதவியின் பெயர் 'பிரசார உதவியாளர், இரண்டாம் நிலை'. அவரைப் பற்றி எழுத வந்தவன் என்ற உரிமையில், முதல் நிலை யார் என்று கேட்டேன். "இருக்காகன்னு சொல்றாக. நான் பாத்ததில்ல" என்றார்.

உட்செவி நல இலாகாவில் யாரையும் யாரும் பார்த்ததில்லை. அடுத்தவர் மனதில் ஓடுவது சிலருக்குக் காதில் விழுகிறது. லட்சத்தில் இரண்டு பேருக்கு என்று சொல்கிறார்கள். அவர்களைக் கண்டுபிடித்து, பதிவு செய்து, அழைத்துப்போய்ப் பாதுகாப்பது இந்த இலாகாவின் வேலை. எங்கே அழைத்துப்போகிறது, யாரிடமிருந்து பாதுகாக்கிறது என்பதெல்லாம் எந்தக் காகிதத்திலும் இல்லை. கடிதத் தலைப்பில் சென்னை என்று போட்டு ஒரு தபால் பெட்டி எண் மட்டும் இருக்கும். ஜனங்கள் சுருக்கமாகக் 'காது ஆபீஸ்' என்கிறார்கள்.

மேலிடத்திலிருந்து வரும் அறிவிப்புகளை அவர் அப்படியே படிப்பதில்லை. 'உட்செவி வாய்க்கப்பெற்ற குடிமக்கள் பதினைந்து தினங்களுக்குள் தம்மைப் பதிவு செய்துகொள்வது அவர்தம் கடமையும் உரிமையுமாகும்' என்று தாளில் இருக்கிறது. தகரக் குழாயில் அது இப்படி வருகிறது: "மத்தவுக நெனக்கிறது ஒங்க காதுல விழுகுதா? பயப்படாதீக. பேயுமில்ல, பிசாசுமில்ல. இங்கன வந்து ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். இருவது கசத்துக்கு அங்கிட்டு ஒண்ணும் கேக்காது, ஆபீஸ்லயே சொல்லிட்டாக!" குரல் அவ்வளவு கணீர். முன்பு டூரிங் டாக்கீஸுக்கு மாட்டு வண்டியில் விளம்பரம் சொன்னவர். இப்போதும் கடைசி வரியில் 'இன்றே கண்டு களியுங்கள்' என்று சேர்ந்துவிடுமோ என்று எனக்கு ஒரு பயம் உண்டு.

உட்செவியின் அடையாளங்களைச் சொல்லும்போதுதான் கூட்டம் கூடுகிறது. கேட்பதற்கு முன்பே பதில் சொல்வது, சொல்லாததைக் கேட்டதுபோல் முறைப்பது, கூட்டத்தில் தலைவலி வருவது என்று மொத்தம் ஒன்பது. மாரியூரில் இதை அறிவித்த அன்றைக்கே பதினாலு புகார்கள் வந்தன. பதினாலும் மாமியார்கள் மீது. கடலாடியில் பலசரக்குக் கடை நாகநாதனை யாரோ எழுதிப்போட்டுவிட்டார்கள். வாய் திறக்குமுன் சாமானைப் பொட்டலம் கட்டி நீட்டுகிறார் என்று. மூன்று நாள் விசாரித்தார்கள். இருபது வருடமாக அதே ஆட்கள் அதே சாமானை வாங்குவதுதான் காரணம் என்று கண்டுபிடித்து, 'காது சாதாரணம்' என்று சான்றிதழ் கொடுத்து அனுப்பினார்கள். நாகநாதன் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்.

சுவரொட்டியைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. வருடத்துக்கு ஒரு தடவை, சித்திரையில், புது அச்சு வரும். நடுவில் ஒரு பெண்ணின் பெரிய படம். மேலே 'நான் நலமாக இருக்கிறேன்'. கீழே 'நீங்களும் வாருங்கள்'. அந்தப் பெண் குத்தூஸ் பாயின் மகள் லத்தீபா.

இதை அவர் ரகசியமாக வைத்திருக்கவில்லை. சேதுச் சீமைக்கே தெரியும். மாரியூரில் மந்திரிமார் படத்துக்குக்கூட மீசை வரைகிற பையன்கள் இந்தப் படத்தைத் தொடுவதில்லை. "குத்தூஸ் பாய் மகளுக்கு எவன்யா மீச வரைவான்?" என்று ஒரு வலைக்காரர் என்னிடமே சண்டைக்கு வந்தார். தெரியாதது இலாகாவுக்குத்தான். இரண்டாம் வருடப் படத்தில் சென்னை ஓவியர் அவள் நெற்றியில் ஒரு பொட்டு வைத்து, 'குமாரி லலிதா' என்று பெயரும் போட்டு அனுப்பியிருந்தார். குத்தூஸ் மனு எழுதினார். 'படத்தில் காணப்படுபவர் ஒரு பொது மாதிரியே. எவரையும் குறிப்பதன்று' என்று நாற்பதாம் நாள் பதில் வந்தது. அதிலிருந்து மனு எழுதுவதை விட்டார். சுவரில் ஒட்டி, தாள் ஈரமாக இருக்கும்போதே, பொட்டை மட்டும் நகத்தால் சுரண்டிவிடுகிறார். வருடத்துக்கு நானூறு நெற்றி. விஷமிகள் யாரோ சுவரொட்டியைச் சேதப்படுத்துவதாக இலாகா ஓர் எச்சரிக்கை அனுப்பியது. அதையும் அவரே தகரக் குழாயில் ஊர் ஊராகப் படித்தார்.

மகளைக் கொடுத்தவரும் அவர்தான். இலாகா இந்தப் பக்கம் முதலில் வந்தபோது ஊர்க்காரர்களைக் கூப்பிட நல்ல குரல் வேண்டும் என்று டாக்கீஸ் முதலாளியிடம் ஆள் கேட்டார்கள். குத்தூஸ் வண்டியில் ஏறி முகாம் அறிவிப்பைச் சொன்னார். 'தலைவலிக்கு இலவச வைத்தியம்' என்ற வரியைச் சொல்லும்போது மகள் நினைவு வந்தது. பதினாலு வயது. கல்யாண வீட்டுக்குப் போனால் சாப்பிடாமல் வந்துவிடுவாள். "பந்தியில எல்லாரும் மனசுக்குள்ள கறித் துண்டையே எண்ணுறாக அத்தா, தல வெடிக்குது" என்பாளாம். மறுநாள் காலையில் அவரே கையைப் பிடித்து முகாமுக்கு அழைத்துப்போனார்.

"ஒரு வாரத்துல அனுப்பிருவோம்னாக. மாத்துத் துணி ஒண்ணுதான் குடுத்துவிட்டேன்" என்றார். ஏழு வருடம் ஆகிறது. நான் அடுப்பிலிருந்த பசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறு வருடம் பஜார் சுவரில் யாரோ ஒட்டியிருந்த படத்தில் அவளைப் பார்த்தார். ஒட்டியவன் வேலையை விடப்போகிறான் என்று கேள்விப்பட்டு, அன்றைக்கே டாக்கீஸ் வேலையை உதறிவிட்டு இதில் சேர்ந்தார். தொழுகிற வீடு, படம் மாட்ட மார்க்கம் இடம் தராது. வீட்டுச் சுவரில் மாட்ட முடியாத பிள்ளையை ஊர்ச் சுவரில் ஒட்ட இலாகா சம்பளம் தருகிறது. மனைவி சித்தி ஜுனைதா வருடம் ஒரு தாளை வாங்கி மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொள்கிறார். இது வரை ஆறு சேர்ந்திருக்கின்றன. ஒன்றில் பாவாடை, ஒன்றில் தாவணி, ஒன்றில் யாரோ மடியில் வைத்துவிட்டுப் போன வீணை. போன வருடம் மூக்குக்கண்ணாடி வந்துவிட்டது. அதற்கு அந்த அம்மாள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. "கண்ணு என்னத்துக்குக் கெட்டுச்சு? ராவுல அழுகுறாளோ?" என்று என்னிடம் கேட்டார். படிப்பு அதிகமாக இருக்கும் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். உடனே முகம் தெளிந்துவிட்டது. எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

ஒவ்வொரு சுவரிலும் ஒட்டி முடித்தபின் குத்தூஸ் பாய் இரண்டு மூன்று நிமிடம் கைகட்டி நிற்பார். துஆ ஓதுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"இல்ல தம்பி. வீட்டுச் சேதி சொல்றேன். நேத்து வெள்ளாடு ரெண்டு குட்டி போட்டுச்சு, ஒங்க அம்மாவுக்கு முட்டு வலி தேவலன்னு."

"இருபது கஜத்துக்கு மேல் கேட்காது என்று நீங்கள்தானே பாய் இப்போது சொன்னீர்கள்?"

"அது ஆபீஸ் சொல்லச் சொன்னது. அவளுக்குக் கேக்கும்."

"அப்படியானால் வீட்டில் உட்கார்ந்தே சொல்லலாமே?"

"சொல்லலாம். மொகத்தப் பாத்துச் சொன்னா நமக்கு ஒரு இது" என்று சைக்கிளை எடுத்துவிட்டார்.

இதையெல்லாம் எழுதினால் வேலை போய்விடும், அதற்கு மேலும் ஏதாவது ஆகலாம் என்று எச்சரித்தேன். பெயரை மாற்றட்டுமா என்றும் கேட்டேன். மாற்றக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். "பேரப் போடுங்க. அவ இருக்கிற எடத்துக்கு ஒங்க புஸ்தகம் வந்தாலும் வரும்." அதனால்தான் உண்மைப் பெயரையே போட்டிருக்கிறேன்.

இந்தச் சித்திரையில் பார்சல் பத்து நாள் தாமதம். தினமும் பகல் வண்டிக்கு ஸ்டேஷனுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினார். பதினோராம் நாள் நானும் கூடப் போனேன். கட்டு வந்திருந்தது. பார்சல் ஆபீஸ் வாசலிலேயே உட்கார்ந்து, சணல் கயிற்றைப் பல்லால் கடித்து அவிழ்த்தார்.

படம் இல்லை. ஒரு பெரிய காது வரைந்திருந்தார்கள். காதுக்குள் ஒரு குத்துவிளக்கு. 'கேட்பவர்க்கு நாடே வீடு' என்று கீழே கொட்டை எழுத்து. குத்தூஸ் பாய் அந்தத் தாளை ஓரமாக வைத்தார். அடுத்ததை எடுத்தார். அதுவும் காது. ஒன்றன்பின் ஒன்றாக நானூறு தாளையும் புரட்டினார். இடையில் வேறு அச்சு ஏதாவது கலந்திருக்கும் என்று கடைசித் தாள் வரைக்கும் நம்பினார். நானும் நம்பினேன். முன்னூறு தாண்டியதும் ஒவ்வொரு தாளின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார்.

இலாகாவின் சர்க்கிள் ஆபீசர் வீரபத்திரன் பயணியர் விடுதியில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர்தான். நாற்காலி போடச் சொன்னார்.

"இந்த வருசம் படம் வரலிங்களே அய்யா" என்றார் குத்தூஸ், நின்றுகொண்டே.

"மேலிடத்து முடிவு. போட்டோ வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்."

"அந்தப் புள்ள?"

"எந்தப் பிள்ளை?"

"படத்துல இருந்த புள்ளங்க அய்யா."

வீரபத்திரன் இளநீரைக் கீழே வைத்தார். குத்தூஸ் பாயின் சட்டையிலிருந்த பித்தளைக் காதைப் பார்த்தார். "அது பொது மாதிரி என்று ஏற்கெனவே எழுதியிருக்கிறார்களே" என்றார். பிறகு ஒரு சுற்றறிக்கையை எடுத்து நீட்டினார். பழைய சுவரொட்டிகளில் ஒன்றுகூடக் கண்ணில் படக்கூடாது. மூன்று நாளைக்குள் அவற்றின் மேலேயே புதியதை ஒட்டி மூடிவிட வேண்டும். நாலாம் நாள் தணிக்கை. குத்தூஸ் பாய் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். ஒட்டப் போகிற வழியில், அவர் வீட்டு வாசலில் சித்தி ஜுனைதா நின்றிருந்தார்.

"வந்துருச்சா? மெலிஞ்சிருக்காளா?"

"இன்னக்கியும் வண்டியில வரல" என்றார். கட்டு சைக்கிளின் பின்னால், அவருடைய துண்டுக்கு அடியில் இருந்தது.

கடைத்தெருக் கோடியில் நெல் கிடங்கின் நீளமான சுவர். அதில்தான் அவர் ஒவ்வொரு வருடமும் தொடங்குவாராம். போன வருடத்து லத்தீபா, வெயிலில் வெளுத்து, மூக்குக்கண்ணாடியோடு சிரித்துக்கொண்டிருந்தாள். குத்தூஸ் பாய் துண்டின் காய்ந்த முனையால் அந்தப் படத்தின் புழுதியைத் துடைத்தார். நெற்றி, கன்னம், கண்ணாடி. பிறகு புதுத் தாள் ஒன்றை எடுத்துக் குப்புறப் போட்டு, வாளியில் பசை பூசும் மட்டையை முக்கினார். எப்போதும் தாள் முழுக்கப் பசை பூசுகிறவர், இன்றைக்கு நாலு ஓரத்திலும் ஒரு விரற்கடை அகலத்துக்கு மட்டும் இழுத்தார். மட்டையிலிருந்து நடுவில், முகத்தின் மேல் வரும் இடத்தில், ஒரு சொட்டு விழுந்துவிட்டது. அதைச் சட்டை நுனியால் ஒற்றி எடுத்து, ஊதிக் காயவைத்துவிட்டுத்தான் தாளைத் தூக்கினார்.

"காற்று அடித்தால் நிற்காதே, பாய்" என்றேன்.

அவர் தாளைச் சுவரில் வைத்து, உள்ளங்கை நடுவில் படாமல், ஓரங்களை மட்டும் கட்டைவிரலால் ஒவ்வொரு அங்குலமாக அழுத்திக்கொண்டு போனார்.