பெண் குளவிகளுக்குப் பார்த்த வைத்தியம்

கோம்பை சுருளிராஜனுக்குத் தன் குளவிகளைப் பற்றி அப்படியொரு பெருமை. கடுகைவிடச் சிறிய குளவிகள். தக்காளிக் காய்ப்புழுவின் முட்டைக்குள் தம் முட்டையை வைத்து அதை அழிப்பவை. மாடி அறையில் கண்ணாடிக் குழாய்களில் அவற்றை வளர்த்து, அவை முட்டை வைத்த அந்துமுட்டைகளை அட்டைகளில் ஒட்டித் தோட்டங்களுக்குக் கொடுப்பதுதான் அவர் தொழில். கெடுத்துக் கெடுத்துத் தானே கற்றது. அவரிடம் இருந்தது ஆணே பிறக்காத வம்சம். பெண் பெண்ணைப் பெறும், அத்தனையும் முட்டையிடும்.

“எல்லாம் என் கைப்பக்குவம்” என்பார்.

“ஆம்பள இல்லாமலே அதுக குடும்பம் நடத்துதுக. அதப் பாத்தாவது உங்களுக்கு உறைக்குதா?” என்பாள் மனைவி மாரீஸ்வரி.

சித்திரை வெக்கையில் சில குளவிகள் சோர்ந்து கிடந்தன. கோழிக்குக் கழிச்சல் கண்டால் டெட்ராசைக்ளின் கேப்சூலை உடைத்துத் தண்ணீரில் கலப்பது வீட்டு வழக்கம். கோழிக்குக் கேட்பது குளவிக்குக் கேட்காதா? அவற்றுக்கு உணவாக வைக்கும் தேனில் அதைக் குழைத்து, ஒரு குழாய் விடாமல் தடவினார். எதையும் அரைகுறையாகச் செய்து அவருக்குப் பழக்கமில்லை.

அடுத்துப் பொரித்தவற்றை லென்ஸில் பார்த்தார். உணர்கொம்புகளில் நீள நீளமாக மயிர். ஆண்கள்! எந்தக் குழாயை எடுத்தாலும் ஆண்கள்.

தக்காளி பூவெடுக்கும் நேரம். வம்சம் போனால் தொழிலும் போனது. முதன்முதலில் விதைக் குளவி கொடுத்த, தேனியிலுள்ள பூச்சி ஆய்வாளர் ஜெபஷீலாவுக்குப் போன் போட்டார்.

“அண்ணே, மருந்து ஏதும் வச்சீகளா?”

“கோழி மருந்துதாம்மா. லேசா.”

சிரிப்பை அடக்குவது இந்தப் பக்கமே கேட்டது.

“இணை சேராம இடுற முட்டை இந்த இனத்துல ஆணாத்தான் பொறக்கும்ணே. உங்க குளவிக்குள்ள ஒரு பாக்டீரியா இருந்துச்சு. தாய்கிட்டருந்து முட்டை வழியாத்தான் அது பரவும். ஆண் முட்டையிடாதுல்ல? அதனால எல்லாத்தையும் பொண்ணா மாத்திக்கிரும். வேற சில குளவிக்கு இது பிறவிக் குணம். உங்களுது கிருமி செஞ்ச வேலை. அதக் கொன்னுட்டீக. எங்கிட்டயும் இப்ப அந்த வம்சம் இல்ல. மருந்து படாத அட்டை ஒண்ணு இருந்தாப் போதும், தேத்திரலாம்.”

சுருளிராஜனுக்கே சிரிப்பு வந்தது. இத்தனை காலம் மீசை முறுக்கியது ஒரு கிருமியின் கைப்பக்குவத்துக்கு. சோறு போட்ட அதற்குத் தேனில் குழைத்து விஷம் வைத்தாயிற்று. மருந்து படாத அட்டைக்கு எங்கே போவது?

“பசை கோணலா இருக்குன்னு முன்னாடி ஒண்ணக் கழிச்சுப் போட்டீகள்ல?” என்றாள் மாரீஸ்வரி. “கூடலூர்ல எங்கண்ணன் தோட்டத்துக்கு ஆகட்டும்னு பிரிட்ஜுல வச்சேன். மாவுச்சட்டிக்குப் பின்னாடி கெடக்கு.”

எடுத்து வெளியே வைத்தார்கள். சில நாளில் பொரித்தது. லென்ஸை வைத்த கண் எடுக்காமல் பார்த்தார். மயிர்க்கொம்பு ஒன்றுகூட இல்லை. அத்தனையும் பெண்.

“இனி குளவிக்குத் தேன் நான் வைக்கிறேன்” என்று குழாயை வாங்கிக்கொண்டாள் அவள். “நீங்க கீழ போயி கோழியப் பாருங்க.”

கீழே இறங்கினார். கோழிகளும் அன்றைக்கு அவரைவிட்டுச் சற்றுத் தள்ளியே மேய்ந்தன.