ஒன்பது கையெழுத்தில் ஒன்று

அலமாரி அக்காவைப் பற்றி எழுத இந்த ஆஸ்பத்திரியில் என்னைவிடத் தகுதியில்லாத ஆள் கிடையாது. அவர் பெயரைக் கெடுத்தவன் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ரெக்கார்டு ரூமில் அவருக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ். எக்ஸ்ரே அறையைத் தாண்டி, ஜன்னல் இல்லாத நீள அறை, கூரை வரை இரும்பு அலமாரிகள். இங்கே வந்து போன ஒவ்வொரு நோயாளியின் ஃபைலும் அதில் இருக்கும். எது எந்தத் தட்டில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார், அதனால்தான் அந்தப் பெயர். ரெஜிஸ்டரில் தேதி, மணி, கையெழுத்து மூன்றும் போடாமல் ஒரு தாள்கூட வெளியே போகாது. பெரிய டாக்டர் ஒருமுறை அவசரம் என்று கத்தினார். "கத்துற நேரத்துல கையெழுத்து போட்டிருக்கலாம் சார்" என்று பேனாவை நீட்டினார் அக்கா. லேத் பட்டறையில் வேலை பார்க்கும் அவர் கணவர், சொந்தக் கல்யாண போட்டோவைப் பார்க்கவும் தான் கையெழுத்துப் போட வேண்டியிருப்பதாக எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

நான் அங்கே கம்ப்யூட்டர் ஆள். பழைய ஃபைல்களை ஸ்கேன் செய்து ஏற்றும் வேலையை என்னிடம் கொடுத்திருந்தார்கள். முடித்துக் கொடுத்தால் அந்தப் பிரிவுக்கே நான்தான் தலைவன் என்று மேனேஜர் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். அதற்கான கூட்டத்தில், இருபது பேர் நடுவில், அக்கா எழுந்தார். நான் ஏற்றியதில் இரண்டு நோயாளிகளின் ரத்த வகை இடம் மாறியிருப்பதாகச் சொன்னார். இரண்டு ஃபைலையும் கையோடு கொண்டுவந்திருந்தார். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம் என்று முதலில் எழுதினேன், பிறகு அடித்துவிட்டேன். தனியாக இரண்டு முறை சொன்னார். நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தலைவர் நாற்காலி வெளியிலிருந்து வந்த ஒருவனுக்குப் போனது. எனக்கு வயிறு எரிந்தது. இதை எழுதும்போதும் எரிகிறது.

பத்து நாள் யோசித்தேன். ஸ்கேன் செய்ய வேண்டும் என்று கையெழுத்துப் போட்டு ஒரு ஃபைலை வாங்கினேன். மருந்துக் கவுண்டருக்கு எதிரே இருக்கும் பெஞ்சில் அதைத் திறந்து வைத்து, போனில் படம் எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மூன்று மாதம் பொறுத்திருந்து, பொய்ப் பெயரில் ஒரு மெயில் முகவரி உண்டாக்கினேன். ரெக்கார்டு ரூம் அம்மா நோயாளிகளின் ஃபைலை வெளியாட்களுக்குக் காட்டுகிறார், இதோ பெஞ்சில் கிடக்கிறது பாருங்கள் என்று எழுதி, படத்தை இணைத்து மேனேஜருக்கு அனுப்பினேன். அதே பொய்ப் பெயரில், ஊர்க்காரர்கள் கூடிப் பேசும் இணையப் பக்கத்திலும் போட்டேன்.

மேனேஜர் அந்த மெயிலை அப்படியே அக்காவுக்கு அனுப்பி விளக்கம் கேட்டார். விசாரணை முடியும்வரை அக்கா துணிக்கிடங்கில் படுக்கை விரிப்பு எண்ண வேண்டும் என்று உத்தரவு. இருபத்திரண்டு வருடம் காத்த பெயர் ஒரே நாளில் சந்தி சிரித்தது. அவர் நடந்து வந்தால் ஜனங்கள் பேச்சைப் பாதியில் நிறுத்தினார்கள். எனக்கு அன்று சாப்பாடு நன்றாக இறங்கியது.

என் மனைவிக்குத்தான் இறங்கவில்லை. இரண்டாவது பிரசவத்தில் அவளுக்கு ரத்தப்போக்கு நிற்காமல் போய், முன்பு எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று டாக்டர் கேட்டபோது, நாலே நிமிடத்தில் பழைய ஃபைலைத் தேடி எடுத்துக்கொண்டு மூன்று மாடி ஏறி ஓடிவந்தவர் அக்கா. அன்றிலிருந்து அவளுக்கு இவர் கூடப்பிறந்தவர் மாதிரி. யார் செய்தது என்று கண்டுபிடிக்க அக்கா ஏதேதோ சாப்ட்வேர் போடப் பார்க்கிறார், முடியாமல் திண்டாடுகிறார் என்று அவள்தான் வந்து சொன்னாள்.

"நீங்க கம்ப்யூட்டர் ஆள்தானே, போய் உக்காந்து உதவி பண்ணுங்க. அந்தப் பாவி யாருன்னு மட்டும் தெரியட்டும், நான் சும்மா விடமாட்டேன்."

போகாவிட்டால் சந்தேகம் வரும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனேன். துணிக்கிடங்கு முழுக்க ப்ளீச்சிங் பவுடர் நெடி. விரிப்புக் கட்டின்மேல் பழைய லேப்டாப். பக்கத்தில், இணையத்தில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி கிடப்பதை வைத்தே ஆளைத் தேட உதவும் இலவசக் கருவிகளின் பட்டியல். அச்செடுத்து, துளையிட்டு, நூல் கோத்து வைத்திருந்தார். எதைக் கொடுத்தாலும் ஃபைலாக்கிவிடுகிற கை.

அந்தக் கருவிகள் ஓட, முதலில் பைத்தான் என்ற மென்பொருளைப் போட வேண்டும். அதைப் போடும்போது திரையின் அடியில் ஒரு சின்னக் கட்டத்தில் டிக் செய்யாவிட்டால், பிறகு கறுப்புத் திரையில் என்ன தட்டினாலும் அப்படியொரு கட்டளையே இல்லை என்று வரும். நான் வேண்டுமென்றே விட்டேன். இரண்டு நாள் அதிலேயே ஓட்டினேன். மூன்றாம் நாள் அக்காவே கட்டத்தைக் கண்டுபிடித்து, இது விட்டுப்போச்சு போலிருக்கு தம்பி என்றார். அடுத்து, ஒரு பெயரைக் கொடுத்தால் அது எந்தெந்தத் தளத்தில் புழங்குகிறது என்று நூற்றுக்கணக்கில் தேடிச் சொல்லும் கருவி. இதை மட்டும் மனமார நிறுவிக் கொடுத்தேன். என் பொய்ப் பெயர் புத்தம் புதியது, எங்கும் சிக்காது. சிக்கவும் இல்லை. பிறகு மெயில் முகவரியைத் தேடும் கருவி. அதிலும் பூஜ்ஜியம். தட்டிய ஒவ்வொரு கட்டளையையும் அக்கா நோட்டில் எழுதுவார், தேதி போடுவார், என்ன வந்தது என்று குறிப்பார், அடியில் என் கையெழுத்தை வாங்குவார்.

ஆள் கிடைத்தால் என்ன செய்யலாம் என்று ஒருநாள் கேட்டார். வேலையை விட்டே தூக்க வேண்டும் என்றேன். கூசாமல் வந்தது.

பட்டியலின் கடைசியில் ஒரு கருவி இருந்தது. படத்துக்குள் பதிந்திருக்கும் விவரத்தைப் படிப்பது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கே உறைத்தது. இணையப் பக்கத்தில் போட்ட படத்தில் அந்த விவரமெல்லாம் தானாக அழிந்திருக்கும். மெயிலில் இணைத்த படத்தில் அழியாது. எந்த போன், எந்தத் தேதி, எத்தனை மணி, எல்லாம் உள்ளேயே உட்கார்ந்திருக்கும். ஊருக்கே கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுப்பவன் அதில் கோட்டைவிட்டேன். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் அதைத் தள்ளிப்போட்டேன். ஒருநாள் நெட் மெதுவாக இருக்கிறது என்றேன், ஒருநாள் இந்த லேப்டாப் தாங்காது என்றேன்.

மூன்றாவது வாரக் கடைசியில் அக்கா அதையும் போட்டுவிடலாமே என்றார். வைரஸ் வரும் என்றேன்.

"ஏற்கெனவே போட்டாச்சு" என்றார். "நீங்க வந்த முதல் வாரமே."

அன்று தம்பி என்று சொல்லவில்லை. திரையை என் பக்கம் திருப்பினார். என் போனின் மாடல். தேதி. பதினொன்று நாற்பத்தாறு. அதன் பக்கத்தில், விசாரணைக்கென்று எழுதிக் கேட்டு வாங்கிய ரெஜிஸ்டர் நகல். படத்தில் தெரிந்த ஃபைலை அந்த வருடம் எடுத்தவர்கள் ஒன்பது பேர். வார்டு, ஆபரேஷன் தியேட்டர், இன்சூரன்ஸ் என்று ஒன்பது கையெழுத்து. இந்தக் கருவியைப் போடும்வரை அதில் யார் என்று அவருக்குத் தெரியவில்லை, தேதி தெரியாததால். அந்தத் தேதிக்கு ஒரே ஒரு கையெழுத்துத்தான். வாங்கியது பதினொன்று நாற்பது, கொடுத்தது பதினொன்று ஐம்பத்தைந்து. என் கையெழுத்து.

"அப்புறம் எதுக்குக்கா இத்தனை நாள்?" என்றேன்.

"நீங்க உக்காந்து உங்களையே தேடுறதப் பாக்கணும்னு ஆசையா இருந்துச்சு. என்னையும் எல்லாரும் வேடிக்கை பாத்தாங்கல்ல."

காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். பிள்ளைகளைச் சொன்னேன். அவர் விரிப்பை மடித்துக்கொண்டே இருந்தார், மூலைக்கு மூலை சரியாக. போலீசுக்குப் போகட்டுமா, இல்லை நடந்ததை முழுக்க உங்கள் கைப்பட எழுதித் தருகிறீர்களா என்று கேட்டார். யாருக்குச் செய்தேன், எதற்குச் செய்தேன், எல்லாம் வர வேண்டுமாம். நகல் மேனேஜருக்குப் போகும், ரெக்கார்டு ரூம் அவருக்குத் திரும்பி வரும். என் வேலை என்னாகும் என்பது அவர் கவலை இல்லையாம். எழுதித் தருகிறேன் என்றேன். மேனேஜருக்கு நகல் என்றால், என் கையெழுத்தில் இருக்கும் அசலை வைத்து என்ன செய்வார் என்று கேட்டேன்.

"ஃபைல் போடுவேன். வெளியாளுங்களுக்கு ஃபைல் காட்டுறேன்னு எழுதுனீங்க. இருபத்திரண்டு வருஷத்துல ஒண்ணுகூடக் காட்டுனதில்ல. இதக் காட்டுவேன்."

அதைத்தான் துணிக்கிடங்கில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். எதிரே அவர் தலையணை உறை எண்ணுகிறார். இரண்டு பக்கத்தைத் திருப்பிக் கொடுத்துத் திருத்தச் சொன்னார். திருத்தினேன். அவர்மேல் எனக்கு இன்னும் கோபம்தான், அதையும் எழுதச் சொல்லிவிட்டார்.

ஃபைலின் அட்டை தயார். மேலே என் முழுப்பெயர். கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருக்கிறார்: பார்த்தவர், தேதி, மணி, கையெழுத்து. நாற்பது வரிசை. முதல் வரிசையை அவரே நிரப்பிவிட்டார். என் மனைவியின் பெயர், இன்றைய தேதி, மூன்று மணி. வரச் சொல்லிவிட்டாராம். கையெழுத்துக் கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது.

மணி இப்போது இரண்டு ஐம்பது.