அப்பா பிரித்துப் படித்த காதல் கதை

பழைய புத்தகம் எதை எடுத்தாலும் தலைகீழாகப் பிடித்து இரண்டு தடவை உதறிப் பார்ப்பது என் வழக்கம். போன வாரம் லஸ் முனைப் பிளாட்பாரக் கடையிலும் அப்படித்தான் செய்தேன். கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாம்மா, புக்கைப் போட்டு இந்த உதறு உதறிக்கினு கீறே? உள்ள இன்னா கீது?"

ஒன்றும் இல்லைதான். ஆனால் ஒன்றும் இல்லை என்பதை நானே பார்த்துக்கொள்ள வேண்டும். யார் சொல்லையும் லேசில் நம்புகிறவள் இல்லை நான். உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். அது அப்பா வழியில் எனக்கு வந்த ஒரே சொத்து.

கையில் இருந்தது ஏதோ ஓர் இங்கிலீஷ் காதல் நாவலுக்குப் போட்ட பரீட்சை நோட்ஸ். முதல் பக்கத்திலேயே முக்கியப் பாத்திரங்கள், துணைப் பாத்திரங்கள் என்று இரண்டு பத்தி. அட்டையில் பசை வாசனை. அது மூக்கில் ஏறியதும் எனக்கு அப்பாவின் விரல்கள் ஞாபகம் வந்துவிட்டன.

இரண்டாம் உலக யுத்தத்தின் கடைசி வருஷங்களில் அப்பாவுக்குச் சர்க்காரில் ஊரார் கடிதங்களைப் பிரித்துப் படிக்கிற உத்தியோகம். ரகசியம் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று பார்த்து, கூடாத வரிகளைக் கறுப்பு மசியால் அடித்து, திரும்ப ஒட்டி அனுப்ப வேண்டும். மயிலாப்பூர் வீட்டுக்கு வந்து எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் பசை வாசனை போகாது. வாசனையோடு போயிருந்தால் பரவாயில்லை, சந்தேகமும் கூடவே வந்து வீட்டில் உட்கார்ந்துகொண்டது. "மாமாவுக்கு ஜுரம் தேவலைன்னு ஒருத்தன் எழுதறான். மாமான்னா யாரு, ஜுரம்னா என்னன்னு யோசிக்க வேண்டாமோ?" என்பார் சாப்பிடும்போது. ரசத்தில் உப்பு ஒரு கல் தூக்கலாக இருந்தால்கூட அம்மா என்னவோ சொல்ல வருகிறாள் என்று அவருக்குத் தோன்றும்.

அக்கா சரோஜா அப்போது இண்டர்மீடியட் இரண்டாம் வருஷம். நான் நாலாவது பாரம், இப்போதைய ஒன்பதாம் வகுப்பு. சாயங்காலம் எனக்குத் தலை பின்னிவிடும்போது அவளுக்குப் பாடமாக இருந்த நாவலைத் தினம் கொஞ்சமாகச் சொல்லுவாள். கதை நன்றாகத்தான் இருந்தது. பெயர்கள்தான் பிராணனை வாங்கின. கர்னல் யார், காப்டன் யார், பாதிரியாருக்கு எத்தனை தங்கை என்று நான் திரும்பத் திரும்பக் கேட்டு, பின்னல் பாதியில் நின்றுவிடும். கடைசியில் அக்கா ஒரு கோடு போட்ட தாளில் இரண்டு பத்தியாகப் பிரித்து, கதையில் யாருக்கு என்ன வேலை என்பதோடு இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தாள்.

"ஒருத்தரைக் கதையிலேர்ந்து எடுத்துட்டுப் பாரு. கதை நின்னா அவா துணை. விழுந்துட்டா முக்கியம். எங்க புரொபஸர் சொன்னது."

"அப்போ லெட்டர் கொண்டுபோற வேலைக்காரி? அவ இல்லேன்னா கதையே இல்லியே."

"அவ மூணே பக்கம்தாண்டீ வரா," என்று அக்கா அவளைத் துணையிலேயே தள்ளிவிட்டாள்.

அப்படியும் எனக்குப் பெயர்கள் மண்டையில் நிற்கவில்லை. அதனால் ஒவ்வொரு பெயருக்கும் நேராக, அக்காவுக்குத் தெரியாமல், நம் மனிதர்களைப் பென்சிலால் எழுதிக்கொண்டேன். கதாநாயகி, சரோஜா. மாளிகைக்கார துரை, மாடி ராகவன். எங்கள் மாடி அறையில் குடியிருந்த பாங்கு குமாஸ்தா. கல்யாணத்துக்குக் குறுக்கே நிற்கிற சித்தப்பா, அப்பா. கடிதம் கொண்டுபோகிறவளுக்கு என் பெயர், கமலா. 'நான்' என்றும் 'அக்கா' என்றும் எழுதியிருந்தால் எழுதியது யாரென்ற குட்டு அப்போதே வெளிப்பட்டிருக்கும். ராகவனை ஏன் துரையாக்கினேன் என்று கேட்காதீர்கள். அவர்மேல் எனக்கே ஒரு கண் இருந்ததோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவின் நாவலுக்கு அட்டை போட எடுத்த அப்பாவின் மடியில், அதற்குள் நான் மறந்து வைத்திருந்த அந்தத் தாள் விழுந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டு தடவை படித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"மாடிக்கு எத்தனை தடவை போனே?"

"பேப்பர் குடுக்கப் போனேம்ப்பா."

"பேப்பர்னா எந்தப் பேப்பர்?"

நியூஸ் பேப்பர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அழுதுவிட்டேன். அக்காவின் கடிதங்களை நான் மாடிக்குக் கொண்டுபோனதற்கு அந்த அழுகையே அவருக்குச் சாட்சியாகிவிட்டது. அப்பாவைத் துணைப் பத்தியில் போட்டிருந்தேன். அது வேறு அவரை உறுத்தியிருக்க வேண்டும்.

அடுத்தது அக்கா. "பென்சில்ல எழுதினது யாரு?"

என் எழுத்து அவள் எழுத்தைப் பார்த்து எழுதிப் பழகியது. ஆயிரக்கணக்கான கடிதங்களைப் பார்த்த அப்பாவுக்கே வித்தியாசம் தெரியவில்லை. அக்கா தாளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"நான்தான்," என்றாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. பதின்மூன்று வயது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். வெட்கம் என்னவோ இன்னும் போகவில்லை.

மறுநாளிலிருந்து அக்காவுக்குக் காலேஜ் கிடையாது. மார்ச்சில் பரீட்சை, தையிலேயே கல்யாணம், நாக்பூரில் வேலையாயிருந்த ஒருவரோடு. ராகவனைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார் அப்பா. சாவியைக் கொடுக்க வந்த மனிதர் அம்மாவிடம், "கிணத்தடியில சோப்பு போட்டுத் தோய்ச்சேனே, அதுக்காகவா மாமி?" என்று கேட்டுவிட்டுப் போனார். பாவம், நாங்கள் வைத்திருந்த கதையில் தான் கதாநாயகன் என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது.

நான் பி.ஏ. படித்தேன், எம்.ஏ. படித்தேன், பெண்கள் கல்லூரி ஒன்றில் இங்கிலீஷ் வாத்தியாரம்மா ஆனேன். அதே நாவலை எத்தனையோ வருஷம் நடத்தினேன். அந்த வீடு போய் நாலு மாடி எழும்பிவிட்டது. கிணற்றடியில் இப்போது கார் நிற்கிறது. நான் ரிட்டயரான வருஷம் அக்கா வந்திருந்தாள். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவளிடம் விஷயத்தைப் போட்டு உடைத்தேன்.

"தெரியும்டீ. உன் எழுத்து எனக்குத் தெரியாதா?"

"பின்னே ஏன் சொல்லலை?"

"சொன்னா? ரெண்டு பேரையும் ஆத்துல உக்கார வெச்சிருப்பார். ஒருத்தியாவது படிக்கட்டுமேன்னு விட்டுட்டேன்." அடுத்த கீரைக்கட்டைப் பிரித்துக்கொண்டே, "சரி, கடைசியில அவ யாரைப் பண்ணிண்டா? எனக்கு இன்னும் ரெண்டு அத்தியாயம் பாக்கி இருந்துது," என்றாள்.

வகுப்பு வகுப்பாகச் சொன்ன முடிவுதான். மாளிகைக்கார துரையைத்தான் என்று அவளுக்கும் சொன்னேன். "அதானே," என்று அக்கா முறத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்த ஆடியில் அவள் போய்விட்டாள். காரியத்துக்கு நாக்பூர் போனபோது, அந்த நாவலாவது இருக்குமா என்று அவள் அலமாரியைத் திறந்து பார்த்தேன். மடித்த புடவைகள், ஒரு பஞ்சாங்கம், கோல நோட்டு, பால் கணக்கு. இங்கிலீஷில் ஒரு வரிகூட இல்லை.