கூடைக்கு அடியில் ஒரு பெயர்

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து என் சாமியை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வீட்டுக்காரருக்கும் அதே பெயர். புருஷன் பெயரைப் பெண்டாட்டி வாய்விட்டுச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பார்கள் எங்கள் பக்கத்தில். கிருத்திகைக்குக் கிருத்திகை கோயிலில் எல்லோரும் பெயரைச் சொல்லி அரோகரா போடுவார்கள். நான் அரோகரா மட்டும் போடுவேன். ஒருமுறை கணக்கெடுக்க வந்தவர் வீட்டுக்காரர் பெயரைக் கேட்டபோது, சுவரில் மாட்டியிருந்த காலண்டர் சாமியைக் கையால் காட்டினேன். சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டு போனார். பெயரை மனசுக்குள்ளும் நான் சொன்னதில்லை. மனசில் சொன்னாலும் சாமிக்குக் கேட்கும் அல்லவா.

எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு புளி சீசனில் இது நடந்தது. நான் மூன்றாவது வரை படித்தவள். கல்யாணத்துக்கு அப்புறம் எழுத்தெல்லாம் மறந்தே போயிருந்தது. மகள் அப்போது மலைப்பள்ளியில் இரண்டாவது படித்தாள். சிலேட்டு இல்லாத பிள்ளைகளுக்கு அங்கே புளியங்கொட்டையை அடுக்கி எழுத்துக் கற்றுக்கொடுத்தார்கள். அதை அவள் வீட்டுக்குக் கொண்டு வந்து விளையாட்டாக்கிவிட்டாள். அவள் ஒரு எழுத்தை வைப்பாள். நான் மீதியை வைத்துச் சொல்லை முடிக்க வேண்டும். முடியாவிட்டால் அவளுக்குப் பத்துக் கொட்டை. முதல் வாரம் எல்லாக் கொட்டையும் அவள் பாவாடையில்தான் போய் விழுந்தது. பிறகு ஒவ்வொன்றாய் வந்தது. சாமை. தேன். மாடு. வாயில் தினமும் புழங்குகிற சொற்கள் தரையில் கிடப்பதைப் பார்க்க, காட்டில் தொலைந்த ஆடு தானாகப் பட்டிக்குத் திரும்பியது போல இருந்தது.

அன்று வீட்டுக்காரர் விடியலிலேயே புளி மூட்டையோடு காவலூரில் பஸ் பிடித்துத் திருப்பத்தூர் போயிருந்தார். நானும் நாத்தனாரும் புளி தட்டிக்கொண்டிருந்தோம். மகள் ஒரு எழுத்தை வைத்து, "ம், முடி" என்றாள். எதிரே காலண்டர். பேச்சு நாத்தனாரோடு இருந்தது. கை தன்பாட்டுக்குக் கொட்டையை அடுக்கிக்கொண்டே போனது.

"அம்மா, அப்பா பேரைப் போட்டுட்ட."

குனிந்து பார்த்தேன். நாலு எழுத்து. என்னால் படிக்க முடிந்தது. இத்தனை வருஷம் வாயைக் கட்டி வைத்திருந்தேனே, கையைக் கட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லையே.

கலைக்கப் போனேன். நாத்தனார் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா பண்றீங்க அண்ணி? போட்டதே தப்பு. அண்ணன் மலை ரோட்டுல பஸ்ல குந்திக்கினு வர்ற நேரத்துல அவர் பேரைக் கலைப்பீங்களா?"

வைத்ததும் குற்றம், எடுத்தாலும் குற்றம். அதற்குள் கோழி ஒன்று கொட்டையைக் கொத்தத் தலையைச் சாய்த்துக்கொண்டு கிட்டே வந்தது. நாத்தனார் அதை விரட்டிவிட்டு, பெயரின் மேல் கூடையைக் கவிழ்த்து, கூடைமேல் ஒரு கல்லையும் வைத்தாள்.

"வாயத் தொறந்து சொல்லலியே, அந்த மட்டும் பரவால்ல" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு எழுதத் தெரிஞ்சா என் வூட்டுக்காரர் பேரை நானே போட்டு, நானே கோழியைக் கூப்பிடுவேன்" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பொழுது சாய்வதற்குள் வந்துவிடுகிறவர், அன்று சாய்ந்தும் வரவில்லை. விளக்கேற்றிக் காலண்டர் முன் நின்றேன். கூப்பிட எனக்குப் பெயர் இல்லை. "அப்பா, காப்பாத்துப்பா" என்றேன்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. "பாதி மலையில டயர் போச்சு" என்றபடி உள்ளே வந்தார். நான் விளக்கடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் கூடையைப் பார்த்தார்.

"இன்னாத்துக்குக் கல்லு வெச்சு மூடியிருக்கீங்க? பாம்பா?"

நான் தடுப்பதற்குள் தூக்கிவிட்டார். அவருக்கு எழுத்துத் தெரியாது, எங்கும் கைநாட்டுதான். மகள் அவர் பெயரைப் படித்துக் காட்டி, "அம்மா போட்டது" என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. குற்றத்தை ஒப்புக்கொண்டேன், சாமியைக் கூப்பிடாமல் இருந்த கதை உட்பட.

அவர் கூடையை ஓரமாய் வைத்தார். குந்தி உட்கார்ந்து, கைநாட்டு வைக்கிற அந்தக் கட்டைவிரலால் முதல் எழுத்தைத் தடவிப் பார்த்தார்.

"நீ சாமியை மனசுக்குள்ள கூப்பிட்டுக்குவேன்னுல்ல நெனச்சிருந்தேன்" என்றார். "இத்தினி வருசமாவா? மனசுலயும் இல்லியா?"

"இல்லீங்க."

"நான் அவர் பேரை வெச்சிக்கினு இருக்கிறவன். அவர் என் பேரை வெச்சிக்கினு இல்லம்மே. போய்க் கூப்பிடு."

என் ஆயுசுக்கும் நான் அப்படி அதிர்ந்துபோனதில்லை. நான் வருஷக்கணக்காய்க் காத்த விரதத்தை யாருக்காகக் காத்தேனோ, அவருக்கு அது தெரியவே தெரியாது.

கொட்டைகளை அவரே ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி என் முந்தானையில் போட்டார். அடுத்த கிருத்திகைக்கு அதை முடிந்துகொண்டு போனேன். சன்னதியில் நின்றபோது சத்தம் வரவில்லை. படியில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்து நாலு எழுத்தையும் அடுக்கினேன். பூசாரி ஏதோ வேண்டுதல் என்று ஒதுங்கிப் போனார். அதைப் பார்த்துப் பார்த்து, எழுத்துக் கூட்டி, பிள்ளைகள் படிப்பது போலப் படித்தேன். மூன்றாம் முறைதான் சத்தம் வந்தது.

வீட்டில் இன்றும் அவரை "இன்னாங்க" என்றுதான் கூப்பிடுகிறேன்.