பைதிமோஸ் பேரில் ஒரு வீடு

மிக்கோன் மாதிரி ஓர் ஏமாளி ஏதென்ஸ் முழுக்கத் தேடினாலும் கிடைக்க மாட்டான். ஏதோ கோபத்தில் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், கோபத்தில்தான் சொல்கிறேன்.

மெகாராவிலிருந்து பிழைக்க வந்தவன். குயவர் பேட்டையில் மண்விளக்கு செய்வான். நான் அடுத்த கடையில் செருப்புத் தைப்பவன், நானும் வந்தேறிதான். இந்த ஊரில் வந்தேறி வரி கட்டலாம், போர்க்கப்பலில் துடுப்பு வலிக்கலாம், சண்டையில் சாகலாம். ஒரு சாண் மண் மட்டும் சொந்தமாக வாங்கக் கூடாது. ஊர்க்காரன் ஒருவன் பொறுப்பாளியாக நிற்காவிட்டால் இங்கே குடியிருக்கவும் முடியாது.

எனக்கும் மிக்கோனுக்கும் பொறுப்பாளி பைதிமோஸ். கப்பலில் மிக்கோனுக்குப் பக்கத்துப் பலகையில் இரண்டு வருடம் துடுப்பு வலித்தவன். வாடகை இடத்தில் மிக்கோன் போட்ட சூளையை இடத்துக்காரர்கள் மூன்று முறை இடித்து விரட்டினார்கள். மூன்றாவது முறை அவன் அழுதபோது பைதிமோஸ்தான் ஒயினும் கருவாடும் வாங்கிக்கொண்டு வந்தான்.

"எம் பேர்ல வாங்கிப் போடுடா. பேரு மட்டுந்தான் என்னுது, வீடு உன்னுது" என்றான்.

ஒன்பது வருடச் சேமிப்பை என் கண் முன்னாலேயே அவன் மடியில் கொட்டினான் மிக்கோன். "எழுதி வாங்கிக்கடா" என்று காதில் சொன்னேன்.

"அட போய்யா! கூடப் பொறந்தவன்கிட்ட எவனாவது எழுதி வாங்குவானா?"

அது வீடா? நாலு குட்டிச்சுவர். அவனும் மனைவி பிலின்னாவும் பாறையை உடைத்துக் கிணறு வெட்டினார்கள், சூளை கட்டினார்கள், ஓடு வேய்ந்தார்கள். ஆறு வருடம் ஆனது. பிலின்னாவின் கை என் செருப்புத் தோலைவிடக் காய்த்துப்போனது.

இந்தக் குளிர்காலத்தில் பைதிமோஸ் மகளுக்குக் கல்யாணம். மிக்கோன் நாற்பது விளக்கு செய்து சும்மாவே கொடுத்தான். நம்ம வீட்டுக் கல்யாணம் என்று ஊர்வலத்தில் ஆடவும் செய்தான், பாவி.

மூன்றாம் நாள் மாப்பிள்ளை ஒரு கல்தச்சனோடு வந்து மிக்கோன் வாசலில் கல் நட்டான். மிக்கோனுக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். பைதிமோஸ் மகளுக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு என்று வெட்டியிருந்தது.

"வாடகை குடுத்துட்டு நீங்களே இருந்துக்கலாம். நல்ல குடித்தனக்காரன்னு மாமா சொன்னாரு" என்றான் மாப்பிள்ளை, மரியாதையாகத்தான்.

மிக்கோன் தலைதெறிக்க பைதிமோஸ் வீட்டுக்கு ஓடினான். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"அண்ணே, அது என் வீடுண்ணே!"

"மெதுவாப் பேசுடா. வந்தேறிக்கு ஏது வீடு? வெளிய தெரிஞ்சா உன்னையத்தான் பிடிப்பாங்க" என்று பைதிமோஸ் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தான். அந்தக் கையை முறித்திருக்கலாம். மிக்கோனை வீட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்தேன்.

பிலின்னா விடவில்லை. "வீடு போனாப் போகுது, பணத்தையாவது கேளுங்க. அண்ணன்தான் பாத்திருக்காரே" என்று என்னைக் காட்டினாள். மறுநாள் காலை வந்தேறிகள் வழக்கைக் கேட்கும் அதிகாரியிடம் நானும் மிக்கோனும் போனோம். கூடமெல்லாம் கூட்டம். புகார் எழுதிக்கொள்ளும் எழுத்தன் தலை நிமிராமல் கேட்டான்.

"பொறுப்பாளி யாரு?"

"பைதிமோஸ்."

"யார் மேல புகாரு?"

"பைதிமோஸ்."

வரிசையில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். எழுத்தன் சிரிக்கவில்லை. "பணம் குடுத்ததுக்குச் சாட்சி இருக்கா?" என்றான்.

மிக்கோன் என் கையைப் பிடித்து முன்னால் இழுத்தான்.

"உனக்கு யாருய்யா பொறுப்பாளி?"

"அவருதாங்க."

"அவரு கைவிட்டா என்ன ஆகும்னு தெரியுமில்ல?"

தெரியாமல் என்ன? பொறுப்பாளி இல்லாத வந்தேறியைப் பிடித்து அடிமைச் சந்தையில் விற்றுவிடுவார்கள். எனக்கு இரண்டு பெண் குழந்தைகள்.

"சொல்லு. பணம் குடுத்ததைப் பாத்தியா?"

"இல்லீங்க" என்றேன். எழுத்தனுக்குக் கேட்கவில்லை, மறுபடியும் சொல்லச் சொன்னான். சொன்னேன்.

மிக்கோன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு கையை விட்டுவிட்டு எழுத்தனிடம் திரும்பினான்.

"இவரு மேல தப்பில்லீங்க. நான்தான் ஆள் மாறிக் கூட்டிட்டு வந்துட்டேன்."